லைம் நோய்க்குப் பிறகு மங்கும் கவனம்: எந்த மாத்திரை யாருக்கு?

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்துவிட்டது, மூட்டு வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் தலை மட்டும் தெளியவில்லை. ஒரே பத்தியை நாலு தடவை படித்தும், கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. பேச்சின் நடுவே, தினமும் புழங்கும் சொல்லே வாய்க்கு வர மறுக்கிறது. உண்ணி கடிப்பதால் பரவும் பாக்டீரியா தொற்றான லைம் நோயிலிருந்து மீண்ட சிலர் மாதக்கணக்கில் இப்படித் தவிக்கிறார்கள். 'ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) மாத்திரை போட்டால் சரியாகுமா?' என்று அவர்கள் கேட்பதில் தவறே இல்லை.

மாத்திரையைத் தேர்வு செய்வதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இந்தக் கவனச்சிதறல் உண்ணி கடிப்பதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய, 12 வயதுக்குள் அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. பள்ளி நாட்களில் நன்றாக இருந்து, தொற்றுக்குப் பிறகு முதன்முறையாக மங்கிய கவனம் வேறு வகை. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. மருத்துவர் ஒன்றை எழுதித் தருகிறார் என்றால், அது முயன்று பார்ப்பதுதான்.

அடுத்தது இதயம். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லைம் கிருமியான பொரீலியா, சிலருக்கு இதயத்தின் மின்கடத்தலைத் தாக்குகிறது. மேலறையிலிருந்து கீழறைக்குப் போக வேண்டிய சிக்னல் தாமதமாகும், சில நேரம் நின்றே போகும். நோய் தொற்றிய முதல் சில மாதங்களில்தான் இது பெரும்பாலும் வரும். கவனத்துக்கான மருந்துகளோ ஏதோ ஒரு வகையில் நாடித்துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் கை வைப்பவை. மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல் இருந்திருந்தால் இசிஜி பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

சரி, மருந்துகளுக்கு வருவோம். தூண்டு மருந்துகளில் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் என்று இரண்டு குடும்பங்கள். முன்னது, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களான டோபமினும் நோர்எபிநெஃப்ரினும் நரம்பு முனைகளுக்குள் திரும்பிப் போவதைத் தடுக்கிறது. பின்னது அதோடு நிற்காமல், அவற்றைக் கூடுதலாக வெளியே தள்ளவும் செய்கிறது. லைம் நோயாளிக்கு முதலில் முயன்று பார்க்க மெத்தில்ஃபெனிடேட்டின் குறுகிய நேர மாத்திரையே என் தேர்வு. வேலை செய்வது 3 முதல் 4 மணி நேரம். ஒத்துக்கொள்ளவில்லையா, அன்று மாலைக்குள் உடலை விட்டுப் போய்விடும். ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் 12 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக இருக்கும் என்பது அதன் பலம். ஏற்கெனவே தூக்கம் கெட்டவருக்கு அதே நீளம்தான் வினை.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. தூண்டு மருந்து களைப்பை நீக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. காலையில் மாத்திரை போட்டதும் பழைய ஆள் திரும்பி வந்தது போல இருக்கும். நிலுவையில் கிடந்த வேலையெல்லாம் ஒரே நாளில் முடியும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கைதான். தொற்றுக்குப் பிந்தைய களைப்பு உள்ளவர்கள், மருந்து நன்றாக வேலை செய்யும் நாளில்தான் உடம்பைக் கூடுதல் கவனமாகக் காப்பாற்ற வேண்டும்.

அட்டாமாக்ஸெட்டின் தூண்டு மருந்து அல்ல. பழக்க அடிமைத்தனம் பற்றிய பயம் இல்லை. பதற்றம் மிகுந்தவர்களுக்கும் இது பொருந்தலாம். ஆனால் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். எழுந்து நின்றாலே நாடி எகிறும் பாட்ஸ் என்ற கோளாறு இருந்தால் இது வேண்டவே வேண்டாம், துடிப்பை இன்னும் ஏற்றிவிடும். மனச்சோர்வுக்காக ஃப்ளுவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை அட்டாமாக்ஸெட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால், ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கொடுத்தால், முதல் சில மாதங்கள் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கண்காணிப்பது அவசியம்.

குவான்ஃபசின் இவற்றுக்கு நேர் எதிர்த் திசை. நாடியையும் அழுத்தத்தையும் இறக்கும். உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருப்பதுபோல் தவிப்பவருக்கும், இரவில் உறங்க முடியாதவருக்கும் இதமாக இருக்கலாம். ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவரை இன்னும் தூங்க வைத்துவிடும் என்பது குறை. லைம் நோயால் இதயச் சிக்னல் பாதிக்கப்பட்டிருந்தால் குவான்ஃபசின் அதை மோசமாக்கக்கூடும். ஆன்டிபயாடிக் தொடர்பவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: கிளாரித்ரோமைசின் இதன் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் துள்ளி ஏறும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மொடாஃபினில் பற்றியும் கேட்கிறார்கள். அது பகல் தூக்கக் கோளாறுகளுக்கான மருந்து. விழிப்பைத் தரும்; ஆனால் கவனத்தையும் தரும் என்று நம்பி எடுக்க வேண்டாம். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிறு வயதிலிருந்தே ஏடிஹெச்டி உள்ளவருக்கு லைம் நோய் வந்தால் பழைய மருந்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இசிஜி சரியாக இருந்தால், வழக்கமான மருந்தே போதும். ஆனால் பழைய அளவே இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண முடியாது. எடை குறைந்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். குறைந்த அளவில் தொடங்கி, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பையும் இரவில் தூங்கிய மணி நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகலாம்.