நனைத்த காளையும் நனைக்காத காளையும்

என் மேசையில் இரண்டு காங்கேயம் காளைகள் நிற்கின்றன. இரண்டுக்கும் மடிப்பு வரைபடம் ஒன்றுதான். இரண்டும் கத்தரி படாத ஒற்றைச் சதுரத் தாளிலிருந்து வந்தவை. முதல் காளையை, ஓரிகாமி என்னும் ஜப்பானியத் தாள்மடிப்புக் கலைக்கென்று கடையில் விற்கும் மெல்லிய தாளில் அப்படியே மடித்தேன். அடுத்ததற்குச் சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள தடித்த ஓவியத் தாளை ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்கி மடித்தேன். முதல் காளையின் திமில் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். இரண்டாவதன் திமில் கழுத்துக்கு மேல் புடைத்து எழுந்து, பின்பக்கம் முதுகோடு வழிந்து இறங்குகிறது. கழுத்தடியில் தொங்கும் அலைதாடிகூடச் சற்று ஆடுவதுபோல் நிற்கிறது.

சென்னிமலையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், கணக்கு வாத்தியார். உலர் மடிப்பைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளாதவர். இரண்டாவது காளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறதுங்க. ஆனால் இது ஓரிகாமி இல்லை, பொம்மை" என்றார். மண்ணைப் பிசைவதுபோல் தாளைப் பிசைந்துவிட்டேனாம். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுப் பொங்கலுக்கு வைக்கும் மண் உருவாரங்களோடு இதையும் சேர்த்து வைக்கலாம் என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவருடைய வாதத்தில் முதல் சிக்கல் வரலாறு. தாளை நனைத்து மடிக்கும் முறையைப் பரப்பியவர் அகிரா யோஷிசாவா (1911–2005). 1954இல் வெளிவந்த அவருடைய நூலில் இருந்த கோடும் புள்ளியும் அம்புக்குறியுமான குறியீடுகள்தாம், பின்னர் மற்றவர்கள் கைபட்டு, இன்று உலகம் முழுவதும் மடிப்பு வரைபடங்களுக்குப் பொதுமொழியாக இருக்கின்றன. வாத்தியார் மடிக்கும் ஒவ்வொரு கொக்கும் நனைத்தவருடைய எழுத்தைப் படித்துத்தான் மடிக்கப்படுகிறது. 'ஒரே சதுரம், வெட்டு கூடாது' என்ற விதியும் அவ்வளவு பழையதில்லை. 1797இல் ஜப்பானில் அச்சான கொக்கு மடிப்பு நூலில், ஒரே தாளை ஆங்காங்கே வெட்டி, இறக்கை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொக்குக் கூட்டங்களையே செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் கஞ்சி. இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு நெசவாளர் ஐயா. நான் தாளில் கஞ்சி தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, காகிதத்துக்குமா கஞ்சி?" என்று கேட்டார். கேட்டவர் வாழ்நாள் முழுவதும் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டவர். விடியற்காலையில் தெருவில் பாவை விரித்து, கஞ்சி தடவி, இழை இழையாக நீவிவிடுவார்கள். கஞ்சி குடித்த நூல் தறியில் உராய்ந்தாலும் பிசிறாது. தாளிலும் இதே கதைதான். ஓவியத் தாள் போன்றவற்றில் மாவுப்பசையோ ஜெலட்டினோ இழைகளுக்கிடையில் இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகும், தாள் தோல்போல் துவளும். காய்ந்தால் எந்த வளைவில் விட்டோமோ அந்த வளைவிலேயே இறுகிவிடும். துணியில் கஞ்சி வேலை முடிந்ததும் அலசினால் போய்விடுகிறது, தாளில் அதுவே எலும்பாக நின்றுவிடுகிறது. தண்ணீர் இங்கே உருவத்தைச் செய்வதில்லை, மடிப்பு இறுகும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது.

உலர் கட்சியும் அத்தனை சுத்தம் என்று சொல்ல முடியாது. சிக்கலான பூச்சிகளை மடிப்பவர்களில் பலர் மெல்லிய தாளோடு அலுமினியத் தகட்டை ஒட்டிக்கொள்கிறார்கள், அல்லது மெதில்செல்லுலோஸ் என்ற பசையைப் பூசிக் கால்களை நிறுத்துகிறார்கள். உலோகத் தகட்டுக்கு அனுமதி உண்டு, ஒரு கை தண்ணீருக்கு இல்லை என்றால் என்ன நியாயம்?

ஆனால் நுணுக்கம் என்று வந்தால் உலர் மடிப்புக்கு நிகரில்லை. அமெரிக்க மடிப்புக் கலைஞர் ராபர்ட் லாங் கணித வழியில் திட்டமிட்டு, ஒரே சதுரத்திலிருந்து ஆறு கால், உணர்கொம்பு எல்லாம் பிரித்தெடுக்கிறார். ஜப்பானின் சடோஷி காமியா மடித்த டிராகனுக்கு உடம்பெங்கும் செதில். நூற்றுக்கணக்கான மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அத்தகைய வேலையைத் தடித்த ஈரத்தாளில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. போதாததற்கு, நனைந்த தாள் ஒரு பக்கமாக அதிகம் விரியும், சதுரம் சதுரமாக இருக்காது. அதனால் முக்கியமான கோடுகளை உலர்வாகவே போட்டுவிட்டு, உருவம் வரும் கட்டத்தில்தான் நனைக்கிறேன்.

ஊர்க்காற்றுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது, ஒரு கொம்பை முடிப்பதற்குள் மறு கொம்பு விறைத்துவிடும். கதவைச் சாத்திவிட்டு உட்காருவேன். ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழ்: ஈரக் காளை காய இரண்டு நாள் ஆகிறது, உலர் காளையோ காற்றின் ஈரத்தைக் குடித்துப் பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. காய்ந்து இறுகிய ஈரக் காளை இதுவரை அசையவில்லை.

செலவு பெரிய விஷயமில்லை. நல்ல தாள் கிடைக்காதபோது சுமாரான தடித்த தாளில் மரவள்ளி மாவுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிப் பூசினால் ஓரளவு சமாளிக்கலாம். கரப்பான் வராமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்க்கிறேன்; விஷம் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

கொக்கு, பெட்டி, பூச்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவானாலும் உலர் மடிப்பு போதும். மாடு, முகம், மனித உருவம் என்றால் ஈரம்தான். பிரான்சின் எரிக் ஜொய்செல் (1956–2010) சிற்பியாக இருந்து மடிப்புக்கு வந்தவர். அவருடைய குள்ள மனிதர்களின் கன்னத்தையும் சுருக்கத்தையும் பார்த்த பிறகு, வெறும் முக்கோணத் திமிலோடு என்னால் நிறைவடைய முடியவில்லை.

வாத்தியார் அப்போதும் விடவில்லை. "பிரித்தால் கோடு தெரிய வேண்டும், அதுதான் சோதனை" என்றார். கொம்பு கோணிப்போனதால் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஈரக் காளை ஒன்று இருந்தது. அதை மறுபடி நனைத்து அவர் எதிரிலேயே பிரித்தேன். சதுரம் திரும்பி வந்தது. கால், முதுகு, கொம்பு எல்லாவற்றுக்கும் கோடு இருந்தது. திமிலுக்கும் இருந்தது, நேர்கோடாக இல்லாமல் வில்போல் வளைந்து. மூக்கு இருந்த இடத்தில் மட்டும் எந்தக் கோடும் இல்லை. கட்டைவிரலால் அழுத்திய ஒரு கசங்கல்தான் இருந்தது.

அவர் அந்தக் கசங்கலின்மேல் விரலை வைத்தார். "இந்த மூக்கு ஓரிகாமி இல்லைங்க."

"மூக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச மாடு என்னுடையது" என்றேன்.