அவுட்லுக் இழுபடுவதற்கு எஃப்எஸ்லாஜிக்ஸ் நல்ல மருந்து

கிளிநொச்சியில் எங்கள் நெல் கொள்வனவுக் கந்தோரில் எல்லோரும் ஒரே ரிமோட் டெஸ்க்டாப் சேர்வருக்குள், அதாவது ஒரே பொதுக் கணினிக்குள், லொகின் செய்துதான் வேலை செய்கிறோம். முன்பு அவுட்லுக் மெயில் செயலியை ஒன்லைன் மோடில், அதாவது மெயிலைச் சேமித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் மெயில் சேர்வரிலிருந்தே எடுக்கும்படி, ஓடவிட்டிருந்தார்கள். காலபோக அறுவடை நேரம் லொறிக்காரர் வாசலில் நிற்பார், பழைய மெயிலைத் தேடினால் திரை அப்படியே உறைந்துவிடும்.

பயனர் புரொஃபைல்களைக் கையாளும் எஃப்எஸ்லாஜிக்ஸ் மென்பொருளைப் போட்ட பிறகு நிலைமையே வேறு. ஒவ்வொருவரின் புரொஃபைலும் (அவரவர் அமைப்புகளும் கோப்புகளும்) தனி விஎச்டிஎக்ஸ் எனும் மெய்நிகர் டிஸ்க் கோப்பாக லொகினின்போது இணைகிறது. மெயிலின் பிரதியை அவுட்லுக் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்பும் அதற்குள்ளேயே இருப்பதால், அந்தப் பிரதியிலிருந்தே மெயிலைத் திறக்கும் கேஷ் மோடை நம்பிப் போடலாம். 2018இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிய மென்பொருள் இது. ரிமோட் டெஸ்க்டாப் சேர்வரைப் பயன்படுத்துவதற்கான ஆர்டிஎஸ் கால் உரிமம் இருந்தால் தனிக் காசு இல்லை, எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு அது பெரிய விஷயம்.

டிஸ்க் மட்டும் வேகமாக இருக்கவேண்டும், இடமும் நிறையத் தின்னும். மூன்று மாத மெயிலை மட்டும் கேஷ் செய்யுங்கள். அப்புறம் பொது மெயில்பொக்ஸைக் கேஷிலிருந்து கட்டாயம் எடுத்துவிடுங்கள்.