பென்டாக்ஸ் 67 கேமராவுக்கு எல் வடிவ முக்காலித் தாங்கி: டர்பனில் சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

எல் வடிவத் தாங்கி என்பது செங்கோணத்தில் இணைந்த இரு தகடுகள்: ஒன்று கேமராவின் அடியிலும் மற்றொன்று பக்கவாட்டிலும் இருக்கும், எந்தத் தகட்டையும் முக்காலியில் மாட்டலாம். நடுத்தர வடிவ (35 மி.மீ.-ஐவிடப் பெரிய) ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தேவைப்படாது. 6×6 சதுரப் படம் எடுக்கும் கேமராவைச் சாய்க்கவே வேண்டியதில்லை; மாமியா ஆர்பி 67-இல் ஃபிலிம் பின்புறமே சுழலும்; பென்டாக்ஸ் 645என் கேமராவில் பக்கவாட்டிலும் ஒரு முக்காலித் துளை உண்டு. பென்டாக்ஸ் 67-இல் இந்த வசதி எதுவும் கிடையாது. 1969-இல் 6×7 என்ற பெயரில் வெளிவந்த இந்தக் கேமராவில் நிமிர்ந்த, அதாவது அகலத்தைவிட உயரம் கூடிய, படம் வேண்டுமென்றால் முழு உடலையும் சாய்த்தாக வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களாக 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எழுப்பிய கோயில்களை நான் படமெடுத்து வருகிறேன். டர்பன் பகுதியின் கேட்டோ மேனர், மவுண்ட் எட்ஜ்கோம்ப் என எங்கே போனாலும் விமானமும் கொடிமரமும் நிமிர்ந்த சட்டகத்தையே கேட்கின்றன. பிரிசமும் (கண்ணால் பார்க்கும் மேற்பகுதி) 105 மி.மீ. லென்சும் பொருத்திய இந்தக் கேமரா இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். முக்காலியின் உருண்டைத் தலையான பால் ஹெட்டைப் பக்கவாட்டில் மடக்கி அதை நிறுத்தினால், கனம் முக்காலியின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் தொங்குகிறது. ஒற்றைத் திருகில் தொங்கும் கேமரா, ஒளியை அளந்து முடிப்பதற்குள் மெல்லத் திரும்பிவிடுகிறது. எல் தாங்கி இருந்தால் கேமராவைக் கழற்றி, இடப்புறக் கை கீழே வருமாறு மறுபடி மாட்டினால் போதும், கனம் நடுவிலேயே நிற்கும்.

இந்தக் கேமராவுக்கென்றே செய்த தாங்கி எளிதில் கிடைப்பதில்லை. டிஜிட்டல் கேமராக்களுக்காக விற்கப்படும் பொதுத் தாங்கிகளைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றின் விளம்பரங்கள் எத்தனை கிலோ தாங்கும் என்பதையே பெரிதாகச் சொல்கின்றன. என் அனுபவத்தில் அது முதல் கேள்வியே அல்ல. பென்டாக்ஸ் 67-இன் அடிப்பக்கத்தில், இரு ஓரங்களிலும், ஃபிலிம் சுருளைப் பிடித்து நிற்கும் குமிழ்கள் இருக்கின்றன. சுருளை எடுக்கவும் புதியதை வைக்கவும் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தாக வேண்டும். 120 என்னும் அளவு ஃபிலிம் சுருள் ஒன்றில் இந்தக் கேமரா தருவது 10 படங்கள் மட்டுமே. தாங்கியின் அடித்தகடு ஒரு குமிழை மறைத்தால்கூட, ஒவ்வொரு பத்துப் படத்துக்கும் ஒருமுறை ஆலன் கீயை (அறுகோணத் திருகுச்சாவி) எடுத்துத் தாங்கியையே கழற்ற வேண்டியிருக்கும். தீ மிதித் திருநாளில், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது, அதற்கு நேரம் கிடையாது.

நான் முதலில் வாங்கியது பக்கக் கை கம்பிகளின் மேல் வெளியே நகரும் வகைப் பொதுத் தாங்கி. கையைச் சற்று வெளியே இழுத்து வைத்தால் இடப்பக்கக் குமிழுக்கு விரல் போகும் அளவு இடைவெளி கிடைக்கிறது. அடித்தகடு குட்டையாக இருந்ததால் வலப்பக்கத்தில் தொல்லையே இல்லை. கிடைமட்டப் படங்களுக்கு இது நன்றாகவே உழைத்தது. ஆனால் நிமிர்த்தி வைக்கும்போது முழுக் கனமும் அந்த நகரும் கம்பிகளின் மேல் விழுகிறது. இந்தக் கேமராவில் லென்சுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி மேலெழும் அதிர்ச்சியும் ஷட்டரின் அதிர்ச்சியும் சாதாரணமானவை அல்ல; கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தி, கேபிள் வழியாக ஷட்டரை விடுவித்தபோதும், நொடியில் எட்டில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு வேகங்களில் சிற்பங்களின் விளிம்பு மென்மையாகத்தான் விழுந்தது. (கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டாம், அந்த நிலையில் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.)

அதன் பிறகு உள்ளூர் லேத் பட்டறை ஒன்றில் செய்துகொண்டதுதான் இன்றுவரை என் கேமராவில் இருக்கிறது. இரண்டு கனமான அலுமினியத் தகடுகள். மூலையில் திருகுகளோடு, நகராமல் இருக்க இரண்டு பின்களும் உண்டு. இடப்பக்கக் குமிழுக்கு நேராக விரல் நுழையும் அகலத்தில் ஒரு திறப்பு வெட்டப்பட்டிருக்கிறது. அடித்தகட்டின் முன்விளிம்பு சற்றே உயர்ந்து கேமராவின் உடலில் முட்டி நிற்பதால், அது திருகின் மேல் சுழலவே வழியில்லை. எடையைவிட இந்தச் சிறு விளிம்பையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதே கோயில், அதே வேகம், இப்போது படத்தில் சிற்பங்களின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன.

திருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேமராத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 6.35 மி.மீ. விட்டம், 1.27 மி.மீ. மரை இடைவெளி. இங்கே எந்த வன்பொருள் கடையிலும் எளிதாகக் கிடைப்பது எம்6 திருகு. அதன் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. அது துளைக்குள் நுழைந்துவிடும், ஓரிரு சுற்றுகளில் இறுகியது போலவும் தோன்றும். அந்த நிலையில் கேமராவைத் தொங்கவிட்டால் மரை பாழாகும்.

டர்பனின் உப்புக்காற்றில் பட்டறைக்காரர் போட்ட சாதாரண எஃகுத் திருகுகள் துருப்பிடித்தன. அவற்றைச் சுற்றி அலுமினியத்தில் வெண்பொடி பூத்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளுக்கு மாறி, மரையில் கிரீஸ் தடவியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. முக்காலித் தலையில் தாங்கியின் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் விஷயத்தில் நெம்புகோல் வகையைவிடத் திருகுக் குமிழ் வகையே பொருத்தம். இத்தகைய கிளாம்புக்குள் மாட்டும் ஆர்க்கா-சுவிஸ் பாணித் தகடுகளின் அகலம் ஏறத்தாழ 38 மி.மீ. என்றாலும் செய்பவருக்குச் செய்பவர் சற்றே மாறும். பட்டறையில் செய்தது அச்சொட்டாக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது; திருகுக் குமிழ் அந்த வேறுபாட்டுக்கேற்ப இறுகும்.

இதற்காக இழப்பது ஒன்று உண்டு. இடப்புற மரக் கைப்பிடியைக் கழற்றியாக வேண்டும். தாங்கியோடு சேர்த்துக் கையில் பிடித்தால் மணிக்கட்டு விரைவில் வலிக்கும். பெரும்பாலும் கையில் வைத்தே படமெடுப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முக்காலிக்காகச் செய்துகொள்ள விரும்புபவர்கள் வரைபடத்தோடு நிற்காமல் கேமராவையே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். குமிழ்களை முழுதாக இழுத்த நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், ஒரு பழைய சுருளைத் தாங்கியோடு மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.