சித்தப்பாவின் காலும் மார்ச் மாதத்துக் கவுண்ட்டரும்

பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்திறங்கிய மூன்றாம் நாளே சித்தப்பாவை மதுரைக்கு அழைத்துப் போகும்படி ஆயிற்று. 1987-இல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர், கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து ஊர் திரும்பினார். புனேயில் 1944 முதல் நடந்துவரும் படையினருக்கான செயற்கை உறுப்பு மையம் செய்து கொடுத்த காலில்தான் இன்றும் நடக்கிறார். அன்று காலை அதைக் கழற்றித் திண்ணைத் தூணில் சாய்த்துவிட்டுக் கம்பளி உறையை உருட்டி இறக்கியபோது, பழைய தழும்பின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண் ஈரமாகத் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர், இரண்டு வாரமாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் உறையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

படைவீரர் பாலிகிளினிக், டோக்கன், வெளி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கும் ரெஃபரல் எல்லாம் தெரிந்த சங்கதிதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. மற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் பதவிக்கேற்பச் சந்தா கட்டிச் சேர வேண்டும். போரில் ஊனமுற்றவர்களுக்கு அந்தச் சந்தாவும் கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் கார்டைக் காட்டினால் காசில்லாமல் சிகிச்சை பெறலாம், பில்லை அரசு தீர்க்கும் என்பதே ஏற்பாடு.

மதுரையில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கவுண்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கக்கூட இல்லை. "ஐயா, போன வருஷத்து பில்லே இன்னும் பாஸாகி வரலை. இப்போதைக்குப் பணம் கட்டித்தான் சேர்க்க முடியும். ஏப்ரலுக்கு மேல வந்து கேட்டுப் பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நிதியாண்டு முடிவதற்கும் ஆறாத புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் குரலை உயர்த்தினேன். சித்தப்பாவோ ஒன்றும் பேசாமல், நீட்டிய கார்டைத் துண்டின் முனையால் துடைத்து மறுபடியும் மஞ்சப்பைக்குள் வைத்தார். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றுள் நெஞ்சை விட்டு அகலாதது அதுதான்.

ஹூஸ்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாம் போரில் அடிபட்டவர். அங்கே படைப்பணியால் வந்த ஊனம் பாதி அளவோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டவருக்கு வி.ஏ. என்னும் முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையில் எந்த நோய்க்கும் கட்டணம் இல்லை; முப்பது விழுக்காடு இருந்தாலே போய்வரும் வழிச்செலவுக்கு மைலுக்கு 41.5 சென்ட் கொடுக்கிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல மாட்டேன். பீனிக்ஸ் நகரில் காத்திருப்போர் பட்டியலையே மறைத்து வைத்தது 2014-இல் வெளிப்பட்டு நாடே கொதித்தது. ஆனால் பட்ஜெட் தாமதமாகும்போதெல்லாம் மருத்துவமனைகள் திண்டாடியதைப் பார்த்து, இந்தச் சிகிச்சைக்கான பணத்தை ஓராண்டு முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும் என்று 2009-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் கார்டு, மருத்துவர், ரெஃபரல் எல்லாம் இருந்தும், பணம் மட்டும் நேரத்துக்கு வந்து சேராததால் காலைக் கொடுத்தவர் கவுண்ட்டரில் நிற்கிறார். மருத்துவமனையை மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் கடன் சொல்லி எந்தக் கடையில்தான் சாமான் கொடுப்பார்கள்?

பணம் கட்டி, புண்ணைச் சுத்தம் செய்து, நான்கு நாள் கழித்து வீடு திரும்பினோம். எனக்கு அது முடிந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நின்றிருந்த திருப்பத்தூர்ப் பெரியவர், அந்தப் பெண் எங்களிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் முறை வரும்வரைகூட நிற்காமல், மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ் போகும் என்று வாசலில் இருந்த காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.