எலும்பு பயாப்ஸி: ஊசி போட்டவர்களுக்கு முழு மதிப்பெண், ஆய்வகத்துக்குப் பாதிதான்

மார்பகப் புற்றுநோய்க்கு 2016-இல் அறுவை சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, அதன் பின் ஐந்தாண்டுகள் ஹார்மோன் மாத்திரையும் சாப்பிட்டு முடித்தவள் நான். இடுப்பில் தொடங்கிய வலி தைலத்துக்கும் ஒத்தடத்துக்கும் அடங்காமல், இரவில் புரண்டு படுக்கவும் விடாமல் போனபோது எடுத்த பெட் ஸ்கேனில், வலது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்திலும் ஒளிர்வு தெரிந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருப்பதாகவே தெரிகிறது, ஆனாலும் ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் மருந்தை முடிவு செய்ய மாட்டேன் என்று சொல்லி, என் ஆன்காலஜிஸ்ட் மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சி.டி. ஸ்கேன் உதவியோடு எலும்பு பயாப்ஸி செய்துகொண்டதைப் பற்றியே எழுதுகிறேன். ரேடியாலஜி பிரிவு மிக நன்று; எடுத்த திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி ஆய்வகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. குறைகளும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

"மறுபடியும் எதுக்கு அண்ணி குத்தணும், ஊசி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே" என்று என் நாத்தனார் கேட்டாள். நம் ஊரில் இந்தப் பயம் இல்லாத வீடே இல்லை எனலாம். பயாப்ஸிக்கு முந்தைய நாள் எங்களை உட்கார வைத்துப் பேசிய ரேடியாலஜிஸ்ட் அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னார். ஊசி ஒரு குழாய்க்குள் சென்று வருவதால் அப்படி நேர்வது மிக மிக அரிது என்றும், பார்க்காமல் மருந்து கொடுப்பதில்தான் ஆபத்து அதிகம் என்றும் விளக்கினார். பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. எலும்புக் காசநோயும், ஆறிக்கொண்டிருக்கும் முறிவும், வேறு வகைக் கட்டியும் அதே போல ஒளிரக்கூடும். புற்றுநோயே என்றாலும் அது பழைய குணத்தோடுதான் திரும்பும் என்று சொல்ல முடியாது. முதல் கட்டியோடு ஒப்பிட்டால், பரவிய இடத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (புற்றுநோய்ச் செல்லில் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) முடிவு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியின் முடிவு மூன்றில் ஒருவருக்கும், செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதத்தின் முடிவு பத்தில் ஒருவருக்கும் மாறியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

முதுகெலும்பை விட்டு இடுப்பெலும்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் சொன்னார். அங்கே பக்கத்தில் நரம்புகள் இல்லை, எலும்பும் அகலமானது, தவறு நேர வாய்ப்புக் குறைவு. ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்த பிறகே நாள் குறித்தார்கள். ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று அவர் கேட்டார், செவிலியர் கேட்டார், மேசையில் ஏறுவதற்கு முன் டெக்னீஷியனும் கேட்டார். மூன்று பேரும் கேட்டது எனக்கு எரிச்சலாக இல்லை, தெம்பாகவே இருந்தது.

பயாப்ஸி அன்று காலை முழுவதும் குளிரூட்டிய நடைபாதையில், இடுப்பு வலியோடு இரும்பு நாற்காலியில் காத்திருக்க வைத்தார்கள். எலும்பில் நோய் உள்ளவர்களுக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

உள்ளே போனதும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மெல்லிய உலோகக் கம்பிகள் வரிசையாகப் பதித்த ஓர் ஒட்டுத்தாளை இடுப்பின் மேல் ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள்; அந்தக் கம்பிகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதால், ஊசி எங்கே, எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று கணக்கிட முடிகிறதாம். பிறகு அந்த இடத்தில் மார்க்கரால் குறியிட்டு, பீட்டாடின் தடவி, மரத்துப் போவதற்கான ஊசியைத் தோலில் போட்டார்கள். அது சுருக்கென்று எரிந்தது. ஆனால் வலி என்று சொல்ல வேண்டியது அடுத்த கட்டம்தான். எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையில்தான் நரம்புகள் அதிகம் என்பதால், அங்கும் மருந்தைச் செலுத்திவிட்டு, மருத்துவர் அவசரப்படாமல் காத்திருந்தார். "அம்மா, இப்ப அழுத்தம் தெரியும், வலிச்சா உடனே சொல்லுங்க, மருந்து இன்னும் இருக்கு" என்றார். ஒருமுறை சொன்னேன், நிறுத்தி, மேலும் மருந்து போட்டுவிட்டே தொடர்ந்தார். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் எல்லாரும் வெளியே போய்விடுவதால், முதுகில் ஊசி நிற்க, அறையில் தனியாகக் கிடக்கும் அந்தச் சில நொடிகள்தான் எனக்குக் கடினமாக இருந்தன. அதை யாரோ கவனித்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில், "அக்கா, நாங்க பாத்துட்டேதான் இருக்கோம், அசையாம இருங்க" என்று டெக்னீஷியனின் குரல் ஒவ்வொரு முறையும் வந்தது.

ஊசி எலும்புக்குள் திருகி இறங்கும்போது தெரிவது வலியைவிட அழுத்தமும், காலின் உள்ளே ஓடும் ஓர் இழுப்பும்தான். எடுத்த துண்டை நான் கேட்டதால் காட்டினார்கள்: தீக்குச்சி தடிமன்கூட இல்லாத, சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு துணுக்கு. இரண்டு துண்டுகள் எடுத்து, இரண்டையும் தனித்தனிப் புட்டிகளில் ஃபார்மலினில் போட்டு, என் பெயரை என்னிடமே வாசித்துக் காட்டி ஒட்டினார்கள். சில மணி நேரம் மல்லாந்து படுக்க வைத்து, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது.

ரிப்போர்ட் வரும் வரை எல்லாம் நன்றாகவே போனது. வந்த ரிப்போர்ட்டில், மார்பகத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி இல்லை, ஹெர்2-வும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் ஹார்மோன் மருந்துக்கு வழியில்லை, கீமோதான். 2016-இல் என் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மிக வலுவாக இருந்தது. ஆன்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எலும்பை எதில் ஊறவைத்தார்கள் என்று இதில் போடவில்லையே என்றார்.

எலும்பில் சுண்ணாம்பு இருப்பதால் அதை அப்படியே மெல்லிய சீவலாக வெட்ட முடியாது. முதலில் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் போன்ற வலுவான அமிலத்தில் போட்டால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் அமிலம் சுண்ணாம்போடு சேர்த்து ஏற்பிகளின் புரதத்தையும் மரபணுப் பொருளையும் சிதைத்துவிடக்கூடும்; இருப்பது இல்லை என்று வரும். ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலில் போட்டால் நாள்கள் ஆகும், ஆனால் சோதிக்க வேண்டியவை தப்பிப் பிழைக்கும். மேலே சொன்ன மாற்றங்களில் எத்தனை உண்மையானவை, எத்தனை இந்த அமிலத்தின் வேலை என்பது மருத்துவர்களுக்கே உள்ள கேள்வி. எனக்கு ரேடியாலஜிஸ்ட் அனுப்பிய சீட்டில், ஏற்பிச் சோதனை தேவை, ஈ.டி.டி.ஏ. பயன்படுத்தவும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ஆய்வகம் அதைப் படிக்காமல் முதல் துண்டை அமிலத்தில் போட்டுவிட்டது. இரண்டாவது புட்டி தொடப்படாமல் கிடந்தது என்பது என் நல்ல காலம்.

எழுத்தில் கேட்ட பிறகு அந்த இரண்டாவது துண்டை ஈ.டி.டி.ஏ.வில் பதப்படுத்தினார்கள். மார்பகத் திசு ஃபார்மலினில் 72 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது விதி. அது ஏற்கெனவே கடந்திருந்ததால் இதிலும் இல்லை என்று வந்தால் எதை நம்புவது என்ற கலக்கம் இருந்தது. வந்தது பாசிட்டிவ், அதுவும் வலுவாக. கீமோவுக்குக் குறித்திருந்த நாளை ரத்து செய்துவிட்டு, லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையும், அதோடு சேர்த்துத் தரும் ரைபோசிக்லிப் மாத்திரையும் தொடங்கினார்கள். ஆய்வகத்திலிருந்து ஒரு வருத்தம்கூட வரவில்லை. திருத்திய ரிப்போர்ட்டில் 'கூடுதல் பரிசோதனை' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

பில் விஷயத்தில் ஒரு வார்த்தை. முதலில் சொன்ன தொகையில் ஸ்கேனும் ஊசியும் மட்டுமே அடங்கும். ஏற்பிச் சோதனைக்குத் தனிக் கட்டணம், ஹெர்2 இரண்டுங்கெட்டானாக வந்தால் அதன் மரபணுவைப் பார்க்கச் செய்யும் ஃபிஷ் சோதனைக்கு வேறு கட்டணம். மொத்தத்தையும் முன்பே எழுதி வாங்குவது நல்லது. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்வதைத் தனியார் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை என்றாலும், தொடர்ந்து அதே நோய்க்குச் சிகிச்சைக்காகச் சேர்ந்தால், குறிப்பிட்ட நாள்களுக்குள் இருக்கும் பட்சத்தில் இதை முன்செலவாகக் கேட்க வழியுண்டு. காப்பீட்டு மேசையில் இருந்த பெண் இதை அவராகவே சொல்லி, ரசீதுகளைப் பிரித்துப் போட்டுத் தந்தார்.

இனி இங்கே போகிறவர்கள், ஊசி போடும் நாளிலேயே ஆய்வகத்துக்கு நேரில் போய் ஈ.டி.டி.ஏ. பற்றிக் கேட்டு, ரிப்போர்ட்டிலும் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். திசுவை மெழுகில் பதித்த பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் பிஐகே3சிஏ போன்ற மரபணு மாற்றத்தைத் திசுவில் பார்க்க வேண்டி வந்தால் அமிலத்தில் போட்ட பிளாக் பெரும்பாலும் பயன்படாது என்பதால், நான் இரண்டாவது துண்டின் பிளாக்கையே எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கேட்டேன். கொடுக்கும் வழக்கமில்லை என்று முதலில் சொன்ன மேலாளர், ஆன்காலஜிஸ்ட் ஃபோனில் பேசிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.