நாலு சீசன் ஓடிய வேட்டை மேப் ஆப்: ஒரு தேதி போடக்கூடாதா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விசிட்டா நகரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார், நவம்பரில் ஃபெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப் பறவைக்கும் காடைக்கும் வேட்டைக்குக் கிளம்புகிறார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மேப் ஆப் இப்ப பாதி விலைக்குக் கிடைக்குது, வாங்கட்டுமா?" என்றார். அரை மணி நேரம் பேசியும் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. 2021-லிருந்து சந்தா கட்டி வருகிறேன், சொல்லிவிடுகிறேன்.

ஆப் என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான். நில எல்லை, உரிமையாளர் பெயர், வேட்டைக்குத் திறந்துவிட்ட நிலம் எல்லாவற்றையும் சாட்டிலைட் படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டும். சிக்னல் இல்லாத இடத்துக்கு மேப்பை முன்பே இறக்கிக்கொள்ளலாம். கான்சஸில் பெரும்பகுதி தனியார் நிலம். நுழையாதே என்ற பலகை இல்லாவிட்டாலும் அனுமதி கேட்காமல் வேட்டைக்குக் கால் வைக்கக்கூடாது. வேலிக் கம்பத்தில் ஊதா பெயின்ட் இருந்தால் அனுமதி எழுத்தில் வேண்டும். நிலமோ, நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரரோ இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு வாக்-இன் நிலங்கள்தான் வழி. மாநில வனவிலங்குத் துறை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து, நடந்து போய் வேட்டையாட விடும் திட்டம் அது. 1995-இல் தொடங்கியது, இன்று பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். அத்தனையில் எந்த மூலையில் நடப்பது என்று முடிவு செய்யத்தான் ஆப் வாங்கினேன்.

குறை ஒன்றே ஒன்றுதான். சாட்டிலைட் படம் எப்போது எடுத்தது என்று எங்கேயும் போடவில்லை.

2022 நவம்பர் 12, சீசன் திறக்கும் சனிக்கிழமை. மாநிலத்தின் கிழக்கு ஓரத்து ஓவர்லேண்ட் பார்க்கில் வேலை முடித்துவிட்டு முந்தின இரவே மேற்கே ஹில் சிட்டி பக்கம் போய்ச் சேர்ந்தோம், நானும் என் பிரிட்டனி நாய் மல்லியும். மூன்று வாரமாக ராத்திரியில் உட்கார்ந்து குறித்த இடம், 160 ஏக்கர். படத்தில் இடுப்பளவு புல், நடுவே ஓடை, கிழக்கே சோளம். இருட்டில் போய் நின்றோம். வெளிச்சம் வந்தபோது தரை மொட்டையாக இருந்தது. அந்த வருடம் கடும் வறட்சி. அரசு வாடகை கொடுத்துப் புல்லாக விடச் சொல்லும் சி.ஆர்.பி. நிலத்திலும் அவசரத்துக்கு வைக்கோல் அறுக்க அனுமதி உண்டு. அறுத்து உருளை உருளையாகக் கட்டி ஓரத்தில் வைத்திருந்தார்கள். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய மாடு என்ன தின்னும்? அடுத்துக் குறித்த இடமும் அப்படியே. மூன்றாவதில் சோளம் இருந்த இடத்தில் கோதுமை முளைத்திருந்தது. உருப்படியான புல்லைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. அதற்குள் மல்லியின் பாதத்தில் நெருஞ்சி ஏறி நொண்டத் தொடங்கிவிட்டாள். அங்கேயும் நம் ஊர் நெருஞ்சிதான்.

தேதி கேட்பது வீம்புக்காக அல்ல. இந்தப் பறவைகள் அந்தந்த வருடத்துப் புல்லில் வாழ்பவை. வசந்தத்தில் மழை பெய்தால் பூச்சி பெருகும், குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் பூச்சிதான் தீனி. மேற்கு கான்சஸில் ஃபெசன்ட் பெட்டை பச்சைக் கோதுமைக்குள்ளேயே கூடு கட்டும். வெயில் முந்தி அடித்துப் பயிர் சீக்கிரம் பழுத்தால், குஞ்சு பொரிப்பதற்குள் அறுவடை இயந்திரம் வந்துவிடும். ஆகவே நான் முதலில் எடுப்பது ஆப் அல்ல, சீசனுக்கு முன் மாநிலத் துறை வெளியிடும் கணிப்பு. வசந்தத்தில் கூவும் சேவல்களையும் கோடையில் சாலையோரம் தென்படும் குஞ்சுக் கூட்டங்களையும் எண்ணிச் சொல்வார்கள். அதை வைத்து எந்தப் பகுதி என்று முடிவாகும். எந்த வயல் என்பதற்கு ஆப்பைத் திறந்தால், எந்த வருடத்துப் படம் என்றே தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். "குழுவுக்குத் தெரிவிக்கிறோம்" என்றார்கள். நாலாவது சீசனிலும் தேதி இல்லை.

அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? ஊசிகளுக்காக.

மேப்பில் ஒரு இடத்தைக் குறித்துக் குறிப்பு எழுதும் வசதியை முதல் வருடம் நான் மதிக்கவே இல்லை. பாப்வைட் காடைக் கூட்டம் எழும்பும்போதெல்லாம் ஒரு ஊசி, எத்தனை பறவை, என்ன புதர், காற்று எந்தப் பக்கம் என்று பழக்கமாகக் குத்திவந்தேன். மூன்றாவது சீசனுக்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. முக்கால்வாசி ஊசிகள் காட்டுப் பிளம் புதருக்கு ஐம்பதடிக்குள், ஒரு பக்கம் சோளத்தட்டை. மூன்று புதர்களில் வருடா வருடம் கூட்டம். காடை பெரும்பாலும் ஒரு வருடம்கூடத் தாண்டுவதில்லை, ஆக இவை வேறு வேறு பறவைகள். புதர் மட்டும் அதே புதர். இதை எந்தச் சாட்டிலைட்டும் எனக்குச் சொல்லவில்லை, நடந்த கால்தான் சொன்னது. ஆனால் அதை மறக்காமல் காத்து வைத்தது இந்த ஆப். ஒரு நாளைக்குச் சேவல் ஃபெசன்ட் 4, காடை 8 வரை சுடலாம். ஊசியில் "ஏழு பறவை" என்று எழுதியிருந்தால் கூட்டம் சின்னது, தழைக்கட்டும் என்று அந்த சீசனில் அந்தப் புதர்ப் பக்கம் போவதில்லை. மாலை நாலு மணிக்கு மேல் காடைக் கூட்டத்தைக் கலைப்பதும் இல்லை. இருட்டுவதற்குள் சிதறியவை ஒன்றுசேர்ந்து, வாலை உள்ளே வைத்து வட்டமாக ஒட்டி உட்கார்ந்தால்தான் குளிரைத் தாங்கும்.

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி தொல்லை இல்லை.

இத்தனை சொன்னபிறகும் தம்பிக்கு நான் சொன்னது: இந்த வருடம் வாங்காதே. பாதி விலையானாலும் வேண்டாம். முதல் சீசனில் உன்னிடம் ஊசி ஒன்றும் இருக்காது, தேதியில்லாத படம் மட்டும்தான் இருக்கும். அதை நம்பி அஞ்சு மணி நேரம் ஓட்டினால் 2022-இல் எனக்கு ஏறிய கோபம் உனக்கும் ஏறும். துறை இலவசமாகக் கொடுக்கும் வாக்-இன் அட்லஸ் புத்தகம் போதும். நான் என் சந்தாவைப் புதுப்பிக்கத்தான் போகிறேன், அந்தப் புதர்களை விட்டுவர மனசில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மல்லியைக் கூட்டிக்கொண்டு ஹில் சிட்டி பக்கம் போகிறேன். துப்பாக்கி இல்லாமல், ரோட்டிலிருந்தே எந்த வயலில் புல் நிற்கிறது, எங்கே அறுத்தாயிற்று என்று பார்த்துவிட்டு வரத்தான். தம்பியும் வருகிறார். அட்லஸில் குறிக்க ஒரு பென்சில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், குறிக்கும் ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்தில் தேதி போடவும்.