தலைவலியையும் பக்கவாதத்தையும் சேர்த்துப் பார்த்த மருத்துவமனை

74 வயதான என் அம்மா பக்கவாதத்திற்காக 11 நாள்கள் தங்கியிருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்லப் போவதால் பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்ட பிரிவில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

அதற்கு முந்தைய ஏழு வாரங்களாக அம்மாவுக்குத் தலைவலி இருந்தது. சீப்பு பட்டாலே உச்சி எரிகிறது என்று பூ வைத்துக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டார். சப்பாத்தியைப் பாதி மென்றதும் தாடை வலித்து, சற்று ஓய்ந்த பிறகே மீண்டும் மெல்லுவார். பல்லில் கோளாறு என்று நாங்கள் நினைத்தோம்; முதலில் பார்த்த கிளினிக்கிலோ ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டி அனுப்பினார்கள்.

ஒரு நாள் காலை தலைசுற்றலோடு எழுந்தவருக்கு நாக்கு குழறியது, நடை தள்ளாடியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிறுமூளையின் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றிப் பாதிக்கப்பட்டிருப்பதும், கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் இரண்டு தமனிகளும் சுருங்கியிருப்பதும் தெரிந்தன. வயதானவருக்குக் கொழுப்பு அடைத்திருக்கும் என்று முடித்துவிடாமல், பணியில் இருந்த இளம் மருத்துவர் "சாப்பிடும்போது தாடை வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பிரிவுக்கு என் முழு மதிப்பையும் கொடுப்பேன். நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்து, அங்கே கயிறுபோலத் தடித்துத் துடிப்பின்றிக் கிடந்த தமனியின் மேல் என் விரலையும் வைத்துக் காட்டினார். ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு 96 என்று மிக அதிகமாக இருந்தது.

நோயின் பெயர் ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைடிஸ். 50 வயதுக்கு மேல், பெரும்பாலும் எழுபதுகளில் வரும் இந்த நோயில் தமனியின் சுவர் அழற்சியால் தடித்து, ரத்தம் செல்லும் வழி குறுகிவிடுகிறது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகமாகவும் நம்மவர்களிடம் அரிதாகவும் காணப்படுவதால் இங்கே அது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இந்த நோயில் அதிகம் அஞ்ச வேண்டியது பார்வை பறிபோவதைத்தான். சிலருக்கே பக்கவாதம் வரும், அதிலும் அம்மாவுக்கு வந்ததுபோல மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் தமனிகளில்தான் அதிகம்.

பயாப்ஸி, அதாவது தமனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்க்கும் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கினார்கள். காத்திருக்கும் நாள்களில் பார்வை போய்விடலாம் என்றும், மருந்து தொடங்கி இரண்டு வாரங்கள் வரையிலும் தமனியில் நோயின் தடயம் பெரும்பாலும் தெரியும் என்றும் மூட்டுவாத மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூன்று நாள் ஊசிக்குப் பிறகு தினமும் 60 மில்லிகிராம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அழற்சி திட்டுத்திட்டாகவே இருக்கும் என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் தமனியை வெட்டியெடுத்தார்கள். முடிவு நோயை உறுதிசெய்தது. தலைவலி இரண்டாம் நாளே விட்டிருந்தது. ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்க உதவும் டோசிலிசுமாப் என்ற ஊசியைப் பற்றியும் அதன் செலவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, முடிவை எங்களிடமே விட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான் எனக்குப் பெரும் மனக்குறை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த மருந்தால் சர்க்கரை ஏறும் என்று எவரும் எச்சரிக்காததால், வீட்டில் பார்த்தபோது 310 என்று காட்டியதைக் கண்டு பதறிப்போனோம். எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் மாத்திரைகளும் நாங்கள் கேட்ட பிறகே கிடைத்தன. நடைப்பயிற்சி கொடுக்க வந்தவரோ ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அதே இடத்துக்குத்தான் மாதந்தோறும் அழைத்துச் செல்கிறேன். மூட்டுவாதப் பிரிவு செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே இயங்குகிறது, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் முந்தைய நாளே எடுத்துக்கொண்டு போனால் காத்திருப்பு பாதியாகக் குறைகிறது.